நோயாளி இல்லாத கரை

மென்பொருள் விற்கிறவனுக்கு முதலில் நல்ல சப்பாத்து வேண்டும், ஐயா. வன்னிப் புழுதிக்கென்றே நான் இரண்டு சோடி வைத்திருக்கிறேன். விசாரணை என்று நீங்கள் கூப்பிட்டபோதும் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

மின்சாரம் போதாத நேரத்தில் எந்த லைனை நிறுத்துவது என்று எங்கள் மென்பொருளே தீர்மானிக்கும். மனிதரைப் போல அதற்குச் சொந்தக்காரர், தெரிந்தவர் என்று யாரும் கிடையாது. முறைப்பாடு குறைந்த ஊரை முதலில் நிறுத்தும். ஆனால் மெசினில் மூச்சு விடும் நோயாளி ஒருவர் பதிவில் இருந்தாலும் போதும், அந்த லைனைத் தொடாது. முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன்பிடி ஊர் அதற்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அங்கிருந்து முறைப்பாடே வருவதில்லை. 'திருப்தி நூறு வீதம்' என்று திரையில் காட்டும்.

ஏன் வருவதில்லை என்று பக்கத்துப் பளை ஊர்க்காரனான எனக்குத் தெரியாதா? பெயர் எழுதிக்கொண்டு போனவர்களுக்குப் பின்னால் வேறு ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டு போன யுத்த காலத்தை அந்தச் சனம் மறக்கவில்லை. நோயாளிப் படிவத்தோடு வீடு வீடாகப் போனேன். உள்ளே இருமல் கேட்கிற வீட்டிலும், இங்கே வருத்தக்காரர் ஒருத்தரும் இல்லை என்றார்கள்.

எமில்டா அம்மா மட்டும் கதிரை எடுத்துப் போட்டார். அவருடைய கணவர் யாகப்பு ஒட்சிசன் மெசினில் இருந்தார். பெயர் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

"பயப்பிடாதேங்கோ அம்மா. பேர் இருந்தாத்தான் கரண்ட் நிக்காது" என்று சொல்லி எழுத வைத்தேன். அவசரத்துக்கென்று ஆஸ்பத்திரி கொடுத்திருந்த சிலிண்டரை அவர் திருப்பிக் கொடுத்ததும் என் பேச்சை நம்பித்தான். அவ்வளவு நம்பிக்கை.

மாசியில், மென்பொருளை நாடு முழுவதற்கும் எடுப்பதா என்று பார்க்கப் பெரியவர்கள் கிளிநொச்சிக்கு வந்தார்கள். ஒரு லைனை நிறுத்திக் காட்டச் சொல்லியிருந்தார்கள். காலையில் ஒத்திகை பார்த்தேன். யாகப்பு பதிவில் இருந்ததால் மென்பொருள் கரையை விட்டுவிட்டு, நாங்கள் இருந்த மண்டபத்தின் லைனையே தெரிவு செய்தது. குளிரூட்டி நின்றுபோய், வந்தவர்கள் கோட்டும் ரையுமாக வியர்த்துக்கொண்டு இருப்பதா? யாகப்புவின் பெயரைப் பதிவிலிருந்து எடுத்தேன். மத்தியானம் நாற்பது நிமிடம் கரை நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். பின்னேரம் மறக்காமல் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். அப்போது அவர் இறந்து மூன்று மணித்தியாலம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு எமில்டா அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, நான் அவற்ற பேரைக் குடுத்தபடியாலோ நிப்பாட்டினவை?"

"ஓம் அம்மா" என்றேன்.

யோசித்துத்தான் சொன்னேன். மென்பொருள் பிழை என்றால் நாடே அதை நம்பாது. அம்மாவுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அவர் அதை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் புனிதம், தன் சின்ன மகளுடைய மூச்சு மெசினுக்கென நிரப்பி வைத்திருந்த படிவத்தை அடுப்பில் போட்டுவிட்டாராம்.

யாகப்புவைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போடுவது என்று காட்டுங்கள். கொஞ்சம் சுருக்காக விட்டால் உதவி, ஐயா. நாளை மத்தியானம் பெரியவர்கள் திரும்ப வருகிறார்கள். அதே கரைதான். யாகப்பு இறந்ததைப் பதிந்த பிறகு அங்கே பதிவில் ஒரு பெயரும் இல்லை; இந்த முறை நான் ஒருவருடைய பெயரையும் எடுக்க வேண்டியதில்லை. அதனால் என்மேல் பிழை வராது.