வால்வின் கடைசி விலை

ஐஸ் வேண்டாம் என்று சொன்னால் தேநீர் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கும் என்று நம்பித்தான் ஒவ்வொரு வெளிநாட்டுக்காரனும் சியாங் மாயில் வாழ்க்கையைத் தொடங்குகிறான். கிடைக்காது. ஐஸ் இருந்த இடம் காலியாக வரும். ஐஸோடு வாங்கி, தேநீரைக் குடித்துவிட்டு, மிஞ்சிய ஐஸை அறைக்குக் கொண்டுபோய்ப் பால் பாக்கெட்டைச் சுற்றிப் போட்டுவிட வேண்டும். ஃப்ரிட்ஜ் செலவு மிச்சம். இதைக் கண்டுபிடித்தவன் சீட்சே. நீங்கள் என்னிடம் விசாரிப்பது அவனைப் பற்றித்தான் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், இன்ஸ்பெக்டர்.

ஹாலந்தில் அவனுக்குப் பாலம் தூக்கும் வேலை. கப்பல் வந்தால் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். இரண்டு கப்பலுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் ஷேர் வாங்கினான். ஈவுத்தொகை வயிற்றுக்குப் போதும் என்று தெரிந்த அன்று பாலத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, சோறு மலிவாகக் கிடைக்கும் ஊரைத் தேடி இங்கே வந்தான். நான் அதே நாட்டில் ஹேக் நகரச் சந்தையில் திரைச்சீலைத் துணி விற்ற குடும்பம். நானும் அதே கணக்கில் வந்தவன்தான். அடுத்தடுத்த அறை எடுத்தோம். சேர்ந்து சமைத்தால் கேஸ் பாதி.

ஷேர் வைத்திருந்த கம்பெனிகளை அவன் செலவுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருந்தான். பெயிண்ட் கம்பெனி வாடகை கொடுக்கும். பீர் கம்பெனி சோறு போடும். காப்பீட்டுக் கம்பெனி கரண்ட் பில் கட்டும். மிஞ்சுவது மறுபடி ஷேராகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கணக்கைப் படிப்பான், நான் தொகையைக் கூட்டுவேன். என்னுடையது அவனுடையதில் பாதிகூட வராது. ஆனால் பொறாமை இல்லை. அடுத்த வீட்டுக் குழந்தை நன்றாக வளர்ந்தால் நமக்கும் சந்தோஷமாகத்தானே இருக்கும். அவனுடைய மூலதனத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். போட்ட முதலில் கை வைக்கக் கூடாது என்பதைத் தவிர எங்களுக்கு வேறு மதமும் கிடையாது.

போன வருடக் கடைசியில் ஒரு கடைவளாகத்தில் இலவச இதயப் பரிசோதனை வைத்தார்கள். இலவசம் என்பதால் போனோம். எனக்கு ஒரு பனையோலை விசிறி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சீட்சேயை உட்காரச் சொன்னார்கள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம், சீக்கிரம் மாற்ற வேண்டுமாம். நாட்டை விட்டு வந்தபோதே எங்கள் மருத்துவக் காப்பீடு போய்விட்டது. இங்கே புதிதாகப் போடுவதைத் தண்டச்செலவு என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்திருந்தோம். தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்த ஊர்க் காசில் பன்னிரண்டு லட்சம் பாட் என்றார்கள்.

"நீ போய்ப் பேசு ரீனுஸ்," என்றான். "நான் போனா சொன்ன விலைக்குத் தலையாட்டிட்டு வந்துடுவேன். நீ சந்தையில பொறந்தவன். ஆறுக்கு முடிச்சுடு, பீர் கம்பெனிய வித்துடலாம்."

"அப்புறம் சோறு யாருடா போடுவா?"

இந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

டாக்டர் ரட்சனிதான் அந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்பவர், பங்குதாரரும் அவரே. நல்ல பெண்மணி. ஃபைலில் சீட்சேயின் பெயர், முகவரி மேல் காகிதம் ஒட்டி எடுத்துப் போனேன். வாங்குகிறவன் யார், அவனுக்கு என்ன அவசரம் என்பது விற்கிறவருக்குத் தெரிந்தால் விலை இறங்காது.

"பேஷண்ட் எங்கே?" என்றார்.

"முதல்ல விலை படியட்டும் டாக்டர்."

ஏசி அறையைக் கழித்தேன். சாப்பாட்டைக் கழித்தேன். படுக்கை விரிப்பு நாங்களே கொண்டுவருகிறோம் என்றேன். வைக்கப்போவது பன்றியின் வால்வு என்று சொன்னார்.

"டாக்டர், முழுப் பன்றி சந்தையில என்ன விலைன்னு எனக்குத் தெரியும். ஈரல், தோலு, தலை எல்லாம் சேர்த்து."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்பதுக்கு வந்தார்.

மூன்றாவது முறை நான் போனபோது ஆறு என்றார். சீட்சேயிடம், எட்டிலேயே நிற்கிறார் என்று சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பீர் கம்பெனியை விற்றிருப்பான். தவிர, சிரமமில்லாமல் ஆறுக்கு வருகிறவரிடம் ஐந்து இருக்கத்தான் செய்யும்.

இருந்தது. அடுத்த மாதம் நாலரையும் இருந்தது.

அதற்குள் சீட்சேயால் மாடி ஏற முடியவில்லை. வீட்டுக்கார அக்கா புவா அரிசி மூட்டை போடும் கீழ் அறையில் படுக்க வைத்தோம். ஜன்னல் இல்லாத அறை என்று சொல்லி அவளிடம் பேசி அதற்கு வாடகையையும் குறைக்க வைத்தேன். என்ன செய்யவில்லை நான் அவனுக்கு?

"ஏன்யா ரீனுஸ், உன் ஆளு மூஞ்சி கத்திரிக்கா கலருக்குப் போயிடுச்சே," என்றாள் புவா. "ஆஸ்பத்திரிக்கு நீ கூட்டிட்டுப் போறியா, நான் போன் போடட்டுமா?"

"நாலுக்கு வரப்போவுது அக்கா. இப்பப் போய் நீங்க போன் போட்டா பழையபடி பன்னெண்டுக்கு ஏறிக்கும்."

"நல்லா ஏறும். ஒரே ஐஸை மூணு தடவை உபயோகிக்கிற கூட்டம்! உங்க பாவம் என் அரிசியில ஒட்டாம இருந்தாச் சரி."

சீட்சே சிரித்தான். சிரித்ததில் மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டான். "விடுங்க அக்கா. அவன் முடிச்சிட்டு வந்துடுவான்."

அவனைக் காத்திருக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். "போதும்டா. அவங்க கேக்கிறதையே குடுத்துடு. பன்னெண்டுன்னாலும் சரி. பெயிண்ட வித்துடு." விரல்கள் மரத்துப்போயிருந்ததால் போனை என் கையில் கொடுத்துக் கடவுச்சொல்லையும் சொன்னான்.

திறந்தேன். அந்த வாரக் கடைசி வரை ஷேரைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் பெயிண்ட் கம்பெனி இந்த வருட ஈவுத்தொகை தரும் என்று போட்டிருந்தது. நாலு நாள் பொறுத்தால் வரும் பணத்தை விட்டுவிட்டு எந்த மடையன் விற்பான்? உடம்பு நன்றாக இருந்திருந்தால் இதே கேள்வியை சீட்சேதான் என்னைக் கேட்டிருப்பான். ஆகவே அந்த நல்ல சீட்சே சொல்லியிருக்கக் கூடியதையே நான் செய்தேன்.

"வித்துட்டேன்," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "இனிமே வாடகைக்கு என்னடா பண்ணுவேன்?"

"பாத்துக்கலாம்."

மறுநாள் விடிவதற்குள் அரிசி அறையில் இறந்துபோனான். ஈவுத்தொகை தவறாமல் வந்து சேர்ந்தது, போன வருடத்தை விட அதிகமாகவே. போட்ட முதலில் ஒரு துளி சிந்தவில்லை. அப்படியே முழுசாக ஹாலந்தில் இருக்கும் அவனுடைய சொந்த அக்கா மகன் கைக்குப் போயிற்று. அந்தப் பையன் ஒரே காலையில் எல்லாவற்றையும் விற்றுப் படகு வாங்கிவிட்டான். பெயிண்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்திருக்கிறான். அவன் கொடுத்த புகாருக்காக என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனை நீங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை என்பதை உங்கள் ஆட்களே தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு பைசா வாங்காமல் அடுத்தவன் சொத்தைக் காப்பாற்றியவனை எந்தச் சட்டப் பிரிவில் போடுவது என்று நீங்கள் முழிப்பது எனக்குப் புரிகிறது.

டாக்டர் ரட்சனி உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் போல. பரவாயில்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். சீட்சே போனைக் கொடுத்த அன்று மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"காசு வேண்டாம்," என்றார். "ஒரு பாட் வேண்டாம். வால்வு, ரூம், சாப்பாடு எல்லாத்தையும் நானே போட்டுக்கறேன். அந்த மனுஷர் எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே வண்டி அனுப்பறேன்."

பெயிண்டை விற்க வேண்டியதில்லை. பீர் கம்பெனியும் தப்பித்தது. போட்ட முதல் அப்படியே இருக்கும். இதையெல்லாம் அங்கே நின்றபடியே கூட்டிப் பார்த்துவிட்டேன், நீங்கள் எனக்கு விளக்க வேண்டாம். ஆனால் அத்தனை மாதத்தில் அன்றுதான் முதல் தடவையாக அவர் குரல் நடுங்கியது. விற்கிறவர் குரல் நடுங்கும்போது கிளம்பிவிட வேண்டும், விலை இன்னும் இறங்கும் என்பது சந்தையில் கற்றது.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்," என்று ஃபைலை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் மெதுவாகவே நடந்தேன். கூப்பிடவும் செய்தார். ஆனால் அதே விலைக்குத்தான் கூப்பிட்டார்.