கொசு அறையின் உள்கதவைத் தாழிட்டது பற்றி

மேலே கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது முப்பத்தைந்து. மலேரியா ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். புகார் கொடுத்தவர் என் அக்காவின் கணவர். கொலை முயற்சி என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதைக் காவல் நிலையத்தில் எனக்குப் படித்துக் காட்டினார்கள்.

சென்ற மாதம் அக்காவின் ஒரே மகள் மலேரியாவில் இறந்துபோனாள். அவளுடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் நானே பார்த்தேன். அதில் இருந்தது நாங்கள் வளர்க்கும் கிருமி அல்ல, வேறு இனம். இதை எடுத்துச் சொன்னபோது மாமா, "உன் கொசுதான் எம் புள்ளையத் தின்னுச்சு. படிச்ச திமிர்ல பேசாத" என்று சொல்லி, சாவு வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னார். அக்கா தடுக்கவில்லை.

அதன் பிறகு, சம்பவத்தன்று மதியம் மாமா காவலாளியைத் தள்ளிவிட்டு, இரும்புக் கம்பியுடன் கொசு அறைக்குள் புகுந்து, கிருமி ஏற்றிய கொசுக்கள் இருந்த கூண்டுகளை அடித்து உடைத்தார். அந்த அறைக்கு உள்கதவு, வெளிக்கதவு என இரண்டு உண்டு. இடையில் நின்ற நான் உள்கதவை இழுத்துத் தாழிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது.

அதன் பிறகு துறைத் தலைவர் ஓடிவந்து, "கதவத் திறம்மா, அந்தாளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானில்ல பதில் சொல்லணும்?" என்று கத்தினார். ஆளோடு கொசுவும் வெளியே வரும், நீங்கள் பிடித்துத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் ஃபோன் பேசப் போய்விட்டார்.

அதன் பிறகு வெளியே தாழிடும்படி உதவியாளரிடம் சொல்லிவிட்டு, கொசு மட்டையுடன் நானும் உள்ளே போனேன். "மாமா, கையச் சட்டைக்குள்ள இழுத்துக்கிட்டு மூலையில நில்லுங்க" என்றேன். அவர் கம்பியால் அடித்ததில் என் முழங்கை எலும்பு முறிந்தது. மட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். கடைசிக் கொசு விழுந்த பிறகே கதவு திறக்கப்பட்டது. இருவரையும் நன்றாகக் கடித்திருந்தன.

அதன் பிறகு மருத்துவர் இருவருக்கும் மாத்திரை கொடுத்தார். நான் விழுங்கினேன். மாமா மாத்திரையை என் காலடியில் துப்பினார். காய்ச்சல் உடனே வராது, குளிர் கண்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்று அவருக்கும் அக்காவுக்கும் சொல்லி அனுப்பினேன். நினைவு தப்பிய பிறகுதான் கொண்டுவந்தார்கள். பிழைத்துவிட்டார். பார்க்கப் போன என்னை அக்கா வார்டு வாசலிலேயே மறித்து, "எம் பொண்ணு பத்தலையாடி உனக்கு?" என்று கேட்டாள். கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

"பயத்துல என்ன செய்யுறோம்னு தெரியாம மூடிட்டேன்னு போட்டுக்கலாமாம்மா, உங்களுக்கு நல்லது" என்று அதிகாரி கேட்டார். அப்படி எழுத வேண்டாம். உள்ளே இருப்பது யார் என்று தெரிந்தும், என்ன கிருமி என்று தெரிந்தும்தான் மூடினேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது இதுதான், இதில் பொய் இல்லை.

(ஒப்பம்)