பொங்கல் வரைக்கும் பொறுங்கோ

வீடியோ எடுக்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் நல்ல கமரா வாங்கத்தான் ஓடுகிறார்கள். அது தேவையில்லை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சனம் பார்க்கும். சத்தம் தெளிவில்லை என்றால் ஒருவரும் நிற்கமாட்டார்கள். வன்னியில் வெட்டைவெளியில் நின்று கதைத்தால் காற்றின் இரைச்சல்தான் பதிவாகும். இதை நான் விளங்கிக்கொள்ளவே ஒரு மழைக்காலம் போய்விட்டது. சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று போதும்.

என் பெயர் சஜீவன். புதுக்குடியிருப்பில் போன் திருத்துகிற கடையொன்றில் வேலை செய்தேன். சனல் தொடங்கியபோது என்னிடம் இருந்தது கண்ணாடி வெடித்த ஒரு பழைய போன்தான். குளத்தில் வலை வீசுவதை எடுத்தேன், வயலில் உழவு மெசின் ஓடுவதை எடுத்தேன், என் மனைவி தயாளினி நண்டுக்கறி வைப்பதை எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் கனடாவில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர். அவர்களும் பாதியில் நிறுத்திவிட்டு, தயாளினி மெலிந்துபோனாள் என்று சொல்லப் போன் எடுத்தார்கள். தொடங்குகிற எல்லாருக்கும் இப்படி ஒரு காலம் இருக்கும். மனம் தளரக்கூடாது.

மீனம்மாவை நான் தேடிப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உடையார்கட்டுப் பக்கம் கச்சான் கடலை பிடுங்குவதை எடுக்கப் போனேன். கூலிக்குப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் அவரும் ஒருவர். மலையகத்தில் கலவரம் வந்தபோது தப்பி வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். வாழ்நாளில் பெரும்பகுதி இங்கேதான் போனது என்றாலும் பேச்சில் மட்டும் அந்தப் பக்கம் மிச்சமிருந்தது. மற்றப் பெண்கள் கமராவைக் கண்டு முந்தானையால் முகத்தை மூட, அவர் மட்டும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இத வெளியூர்ல இருக்கிறவங்களும் பாப்பாங்களா தம்பி? எம்புள்ள பாக்குமா?"

கடைசிச் சண்டையின்போது, முள்ளிவாய்க்காலில், சனத்தோடு சனமாக ஓடுகையில் கைதவறிப் போன மகள். பெயர் ரஜிதா. நாலு வயது. பதுங்குகுழியிலிருந்து தூக்கியபோது சேலையில் தோடு மாட்டி, பிள்ளையின் இடது காது கிழிந்துவிட்டது. "காது வலிக்குதுன்னு அழுதுச்சு. நின்னு பாக்க நேரமில்ல. அந்த அழுகைதான் தம்பி கடைசி," என்றார். அழாமல் சொன்னார். பிள்ளையைக் கண்ணால் காணும்வரை சோறு சாப்பிடுவதில்லை என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்திருந்தார். பகலில் ஒரு தரம் ரொட்டி, இல்லாவிட்டால் அவித்த மரவள்ளிக்கிழங்கு. இத்தனை வருடமும் அப்படித்தான். சீனி வருத்தம் வேறு இருந்தது, நீரிழிவு; அதற்குத் தினமும் மாத்திரை போடுவார்.

வீட்டுக்கு வந்து அதை வெட்டி ஒட்டிப் போட்டேன். கச்சான் காட்சிகளை முழுவதுமாக நீக்கிவிட்டேன். அடுத்த நாள் காலையில் போனைத் திறந்தேன். ஜெர்மனியில், பிரான்சில், அவுஸ்திரேலியாவில் இருந்தெல்லாம் சனம் அழுதுகொண்டு எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தரம் மீனம்மாவிடம் போனேன். வீட்டில் இருந்த ஒரேயொரு கதிரையை எனக்குப் போட்டுவிட்டு அவர் நிலத்தில் இருப்பார். நான் வருகிறேன் என்றால் கச்சான் அவித்து மூடி வைத்திருப்பார். அவருக்கு நான் செய்யாததும் இல்லை. கூரைத்தகரம் மாற்றிக் கொடுத்தேன், கோழிக்கூடு கட்டிக் கொடுத்தேன், கிளினிக்குக்கு என் மோட்டார்சைக்கிளில்தான் போய்வருவார். அங்கே தாதி ஒருவர், "சாப்பிடாமல் குளிசை போட்டால் மயங்கி விழுவீங்கள் அம்மா, சும்மா விளையாட்டில்லை," என்று சத்தம் போட்டதும் வீடியோவில் இருக்கிறது. அந்த இடத்தை நான் வெட்டவில்லை. சோறு சாப்பிடச் சொல்லி ஆயிரம் பேர் எழுதினார்கள். வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடிக்கொள்வார்.

எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பங்குனி மாதத்தில் செட்டிகுளத்திலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஒரு பிள்ளை தன் இடது காதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். மடல் நடுவில் பிளந்து ஆறியிருந்தது. சண்டை முடிந்து அகதி முகாமில் தனியாக அழுதுகொண்டு நின்றவளை விமலேஸ்வரி என்ற பெண் எடுத்து வளர்த்திருக்கிறார். தன் பெயர் ரஜிதா என்று மட்டும் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது.

நான் கேட்டதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. நேரே போனேன். விமலேஸ்வரி அக்கா தேத்தண்ணீர் தந்தார். ரஜிதா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் ஏதோ பகிடி சொன்னேன். அவள் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதற்குமேல் எனக்கு ஒரு அத்தாட்சியும் தேவைப்படவில்லை.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நீங்கள் மீனம்மாவின் வீட்டு வளவைப் பார்க்கவில்லை. தண்ணீர் வாளி, கோழிகள், கொடியில் காயும் பழைய உடுப்பு. இத்தனை வருடம் காத்திருந்த ஒரு தாய் அந்த இடத்திலா பிள்ளையைக் காண வேண்டும்? வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வருகிறது. அவர் நேர்ந்தது அம்மனிடம். நேர்த்தியை அம்மனுக்கு முன்னால் தீர்ப்பதுதானே முறை. உலகம் முழுக்கப் பார்த்து அழுத சனத்துக்கும் அதைப் பார்க்கிற உரிமை இருக்கிறது. நான் கோயிலுக்குப் போய், எங்கே நின்றால் கோபுரமும் இரண்டு முகமும் சேர்ந்து விழும் என்றுகூடப் பார்த்து வைத்தேன். மீனம்மா கற்பூரச்சட்டியோடு நிற்கும்போது ரஜிதா பின்னால் வந்து தோளைத் தொட வேண்டும். அவர் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ரஜிதா துடித்தாள். அது நியாயம். "இப்பவே வரட்டோ அண்ணா?" என்று கேட்டு எழுதுவாள். "பொங்கல் வரைக்கும் பொறுங்கோ தங்கச்சி. அம்மாவுக்கு உடம்பு ஏலாது, திடீரெண்டு கண்டால் தாங்கமாட்டா. நான் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிக்கொண்டு வாறன்," என்று பதில் போட்டேன். மற்றச் சனல்காரர் போய் நிற்பார்கள் என்பதால் மீனம்மாவின் விலாசத்தை நான் எந்த வீடியோவிலும் சொன்னதில்லை, அவளிடமும் சொல்லவில்லை. விமலேஸ்வரி அக்காவும், தம்பி சொல்லுறது சரிதான் என்றார். வளர்த்த பிள்ளை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அதை நான் பயன்படுத்தவில்லை. அது தானாக அமைந்தது.

ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருக்கையில் தயாளினி என் போனைப் பார்த்துவிட்டாள்.

"இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோ," என்றாள். "அந்த மனுசி ஒரு பிடி சோறு தின்னட்டும்."

"பொங்கலுக்கு இன்னும் கன நாள் இல்லைத்தானே."

"கன நாளோ இல்லையோ எண்டு பட்டினி கிடக்கிறவாவைக் கேளுங்கோ."

அவள் எப்போதும் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவள். தட்டில் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழும்பினேன்.

வைகாசி பிறந்தது. வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். அதற்குக் கடலில் தீர்த்தம் எடுக்கிற நாளிலிருந்து விரதம் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முதல் நாள் மீனம்மாவிடம் போனேன். அவர் மிகவும் சோர்ந்திருந்தார். மைக் குத்தும்போது தோள் எலும்பு கையில் தட்டுப்பட்டது.

"அம்மன் கண்ணத் தொறக்க மாட்டேங்குதே தம்பி. சோத்த விட்டுட்டேன். இனி என்னத்த விடுறது?"

நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "இந்த முறை கற்பூரச்சட்டி எடுங்கோ அம்மா. பொங்கல் முடியும் வரைக்கும் பால் மட்டும் குடிச்சு விரதம் இருங்கோ. அம்மன் இந்த முறை கைவிடமாட்டா."

"நெசமாவா தம்பி சொல்றீங்க?"

"ஓம் அம்மா. எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருவரையும் சேர்த்து எடுக்க அங்கே ஆள் இல்லாததால் அது படத்தில் சரியாக விழவில்லை.

இன்னும் இரண்டொரு நாளில் பொங்கல். காலையில் பக்கத்து வளவுக் கமலாசனி அக்கா போன் எடுத்தார்.

"மீனம்மா கிணத்தடியில விழுந்து கிடக்கிறா தம்பி. கூப்பிடக் கூப்பிட எழும்பேல்லை. உடம்பு குளிர்ந்து போச்சு."

நான் போனபோது பாயில் கிடத்தியிருந்தார்கள். கற்பூரச்சட்டிக்கு வாங்கிய புது மண்சட்டியைக் கழுவ வந்திருக்கிறார். அது உடையாமல் கிணற்றுக்கட்டில் இருந்தது. குளிசையை அன்றைக்கும் தவறாமல் போட்டிருக்கிறார், வெறும் வயிற்றில். அவருடைய காலடியில் இருந்து வாய்விட்டு அழுதேன். அது நடிப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். நடிப்பில்லை. போனைக் கோழிக்கூட்டின் மேல் சாத்திவிட்டுத்தான் போய் இருந்தேன், ஆனால் அழுகை உண்மை.

ரஜிதாவை நான்தான் வரச் சொன்னேன். இப்படியொரு செய்தியைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. விமலேஸ்வரி அக்கா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நான் நினைத்திருந்த மாதிரி அவள் பின்னால் வந்து தோளைத் தொட முடியவில்லை. வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கிட்டப் போய், தாயின் கையைத் தூக்கித் தன் இடது காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "வந்திட்டன் அம்மா," என்றாள். கை விழுந்தது. திரும்பவும் தூக்கி வைத்தாள். கூடியிருந்த பெண்கள் குழறி அழுதார்கள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் என்னுடைய வீடியோ எல்லாவற்றையும் பார்த்தவள். இத்தனை வருடம் சோறு படாத வாய் அது என்று அவளுக்குத் தெரியும். நேர்த்தியும் தெரியும். கமலாசனி அக்கா கையைப் பிடித்துத்தான் போட வைத்தார். அந்த வீடியோவைப் பார்த்த அளவு சனம் எங்கள் சனலில் வேறு எதையும் பார்க்கவில்லை. பின்னணிப் பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

தயாளினி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போய், ரஜிதாவின் மெசேஜ் பங்குனியிலேயே வந்தது என்று அந்த வீடியோவுக்குக் கீழே தன் பெயரில் எழுதிவிட்டாள். அதற்குப் பிறகுதான் நீங்கள் எல்லாரும் என்னைக் கேட்கத் தொடங்கினீர்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஓம், எனக்குப் பங்குனியிலேயே தெரியும். மீனம்மாவிடம் நான் சொல்லவில்லை. கொஞ்சமாகவும் சொல்லவில்லை, ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே சோறு சாப்பிட்டிருப்பார். பட்டினி கிடக்கச் சொன்னதும் நான்தான். அவர் என்னை நம்பினார். மற்றவர்களைவிட நான் அவருக்கு நல்லதுதான் நினைத்தேன்.

சுடலைக்குக் கொண்டுபோன பிறகு வீடு வெறிச்சோடியிருந்தது. ரஜிதா முற்றத்தில் நின்றாள். நான் மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது கிட்ட வந்தாள்.

"அம்மாவுக்கு நான் இருக்கிறது தெரியும்தானே அண்ணா? நீங்கள் சொன்னனீங்கள்தானே?"

"ஓம் தங்கச்சி. சொன்னனான்."

"கேட்டிட்டு என்ன செய்தவா?"

"அழுதவா. பிறகு சிரிச்சவா."

பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்.

"சோறு சாப்பிட்டவாவோ?"

"ஓம். நானே போட்டுக் குடுத்தனான். ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவா."

அவள் தலையை ஆட்டினாள். புறங்கையால் வாயை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே குந்தியிருந்து அழுதாள். நான் அதைப் படமெடுக்கவில்லை. இவ்வளவு காலத்திலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதுவும் அந்தப் பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்பதற்காக.