திங்கட்கிழமை மருந்து

அண்ணி: பாட்டிலை ஆட்டாதேனு எத்தனை தடவை சொல்றது, தம்பி?

கொழுந்தன்: நான் எங்க ஆட்டறேன் அண்ணி... எண்ணெய் பிரியுதானு சாய்ச்சுப் பார்த்தேன்.

அண்ணி: அப்ப கீழ வை. எண்ணெய் மேல வரட்டும், தண்ணி அடியில தங்கட்டும்.

கொழுந்தன்: போன மாசம் இதே எண்ணெய்க் கிணத்துல சாம்பிள் பிடிச்சப்ப நூத்துக்குத் தொண்ணூத்தாறு தண்ணி. இன்னிக்கும் அப்படியே வந்தா...

அண்ணி: எண்ணெய்க் கிணத்தை மூடிடுவாங்க. தெரியும்.

கொழுந்தன்: என்னை எங்கயாவது தூக்கி அடிச்சுடுவாங்க. அப்புறம் சண்டை போட உங்களுக்கு ஆள் ஏது?

அண்ணி: உங்க அண்ணன் இருக்காரே, அவர் ஒருத்தர் போதும்.

கொழுந்தன்: அந்தப் பூச்சிங்க மட்டும் உருப்படியா...

அண்ணி: பூச்சி இல்ல, நுண்ணுயிர். லேப்ல ஆறு மாசம் வளர்த்திருக்கேன். கிணத்துக்குள்ள செலுத்தற தண்ணியில உப்பைக் குறைச்சாலே எண்ணெய் பாறையை விட்டு இளகும். இதுங்க நாம கலக்கற வெல்லப்பாகைத் தின்னுட்டு சோப்பு மாதிரி ஒண்ணைக் கக்கி, மிச்சத்தையும் கழுவித் தள்ளும்.

கொழுந்தன்: மூணு வாரமா உள்ள இருக்கே... தின்னுட்டுத் தூங்கியிருந்தா?

அண்ணி: எல்லாரையும் உன்னை மாதிரியே நினைக்காதே.

கொழுந்தன்: அண்ணி... நிறம் பிரியுது பாருங்க.

அண்ணி: இரு, இரு. கோடு எங்க நிக்குது? நீயே படி. எனக்குக் கண்ணு மறைக்குது.

கொழுந்தன்: தண்ணி... எண்பத்திரண்டு.

அண்ணி: இன்னொரு தரம் படி.

கொழுந்தன்: எண்பத்திரண்டுதான் அண்ணி. எண்ணெய் பதினெட்டு. நாலுலேர்ந்து பதினெட்டு!

அண்ணி: அப்பாடா... எனக்குச் சந்தோஷத்துல காலே தரையில நிக்கல. மேனேஜருக்குப் போனைப் போடு. கிணத்து மேல யாரும் கை வெக்க முடியாதுனு சொல்லு.

கொழுந்தன்: போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு... திட்டக் கூடாது.

அண்ணி: இன்னிக்கு உன்னைத் திட்ட மனசு வராது. சொல்லு.

கொழுந்தன்: திங்கக்கிழமை ஆனா கிணத்துக்குள்ள விடற தொட்டித் தண்ணியில கிருமி மருந்து ஊத்தறது என் வேலை இல்லையா? பதினோரு வருஷப் பழக்கம்.

அண்ணி: சரி.

கொழுந்தன்: உங்க நுண்ணுயிரை நீங்க தொட்டியில கலந்துட்டுப் போனதும் ஒரு திங்கக்கிழமை. கை பாட்டுக்குக் கேனைத் திறந்து...

அண்ணி: ஊத்திடுச்சாக்கும்.

கொழுந்தன்: அத்தனையும் போச்சு. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரல. பம்பு ரிப்பேர், உள்ள விட நாலஞ்சு நாள் ஆகும்னு புளுகிட்டேன்.

அண்ணி: அப்ப கிணத்துக்குள்ள போனது எது?

கொழுந்தன்: உங்க லேப்ல மறுநாள் அலமாரி திறந்து கிடந்துச்சு. அதே நுண்ணுயிர் இருந்த ஒரு ஜாடியைக் கிளப்பிட்டு வந்துட்டேன். தொட்டியைக் கழுவி, நாலு நாள் பாகு ஊட்டி நானே வளர்த்தேன். பேரு வெக்காததுதான் பாக்கி.

அண்ணி: வளர்க்க யாரு சொல்லிக் கொடுத்தா?

கொழுந்தன்: ஜாடி மேலயே ஒட்டியிருந்துச்சே... எவ்வளவு பாகு, எவ்வளவு சூடு, எத்தனை நாள்னு. கொட்டை எழுத்துல.

அண்ணி: எங்க லேப்ல எல்லாருக்கும் அது மனப்பாடம், தம்பி.

கொழுந்தன்: அப்ப எதுக்கு ஒட்டி...

அண்ணி: திங்கக்கிழமை சாயங்காலமே அந்தத் தண்ணியை மைக்ரோஸ்கோப்ல பார்த்துட்டேன், ஒண்ணுகூட அசையல. நீ பேயறைஞ்ச மாதிரி வாசல்ல நடந்துட்டிருந்தே, கேட்டா நீ அழுதுடுவியோனு பயந்துதான் எழுதி ஒட்டிட்டு, அலமாரியையும் திறந்து வெச்சேன்.