ஆரஞ்சு உருண்ட பக்கம்

கையருகே மணியையும் கண்ணெதிரே கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! வீட்டில் எனக்கு அக்கா, மேடையில் எனக்குத் தலைவர், இரண்டு இடத்திலும் என்னைப் பேசவிடாதவர் என்ற பெருமைக்குரியவரே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடே ஓடி வந்திருக்கும் தாய்மாரே! பாதைக்குள் வேன் விடவேண்டும் என்று வாதாட வந்திருக்கும் வேன் ஓட்டும் நண்பர்களே! விடவே கூடாது என்று சைக்கிளை மண்டபத்துக்குள்ளேயே உருட்டி வந்து சுவரில் சாய்த்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் அல்லன். கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடி விற்பவன். "இப்ப தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டே காலத்தைக் கழிப்பவன். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களிடமும் கேட்கப்போகிறேன்.

இன்றைய வாக்கெடுப்பு எதற்கு? ஆற்றோரக் காட்டுப் பாதையில் வேன் விடலாமா, கூடாதா என்பதற்கு. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் யார்? இதோ, நம் தலைவர். அந்தப் பாதையைக் கொண்டுவந்தவர் யார்? அதே தலைவர்! ஒரு காலத்தில் சரக்கு ரயில் மரம் ஏற்றிச் சென்ற தடம் அது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், முள்ளும் புதரும் முளைத்தன. அரிவாளை எடுத்துக்கொண்டு அங்கே முதலில் நுழைந்தவர் என் அக்கா. "பிள்ளைங்க ஒரு நாளாவது ஹாரன் சத்தம் கேக்காம சைக்கிள் ஓட்டட்டும்" என்றார். அலுவலகம் அலுவலகமாக ஏறினார், இறங்கினார். கேட்டு வாங்கினார், கெஞ்சி வாங்கினார், சில இடங்களில் சத்தம் போட்டும் வாங்கினார். ஆமாம், அந்தச் சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

என்ன பாதை அது! வானத்தை மறைக்கும் மரங்கள், மரங்களை நனைக்கும் பனி, பனியினூடே மிதந்துவரும் ஆற்றின் ஓசை! வண்டி இல்லை, புகை இல்லை, "ஓரம் போ" என்று அதட்டும் குரல் இல்லை! இரும்புப் பாலத்தில் ஏறினால் காலடியில் கலகலக்கும் தண்ணீர். ரயிலுக்காகக் குடைந்த குகைக்குள் நுழைந்தால் கழுத்தில் சொட்டும் குளிர்ந்த துளி. மறுமுனையில் பழைய ரயில் நிலையம், அதில் ஒரு தேநீர்க் கடை. இத்தனையும் இருந்தும் அந்தக் கடையில் தேநீர் ஆறிப்போகிறதே, ஏன்? போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் இரும்புப் பாலத்தோடு திரும்பிவிடுகிறார்களே, ஏன்? அங்கே புலியா இருக்கிறது? பாதையா முடிகிறது? இந்த "ஏன்" என்னைத் தூங்கவிடவில்லை, தோழர்களே.

நானும் போய்ப் பாலத்தருகே நின்று பார்த்தேன். விடுமுறை நாட்களில் நம் சைக்கிள் கடை அண்ணன் அங்கே ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மறைக்கிறார்! வருகிறவர்கள் எல்லோரும் மூச்சு வாங்க இறங்கி, ஒரே புகாரைச் சொல்வார்கள்: "அண்ணே, பிரேக் எங்கேயோ பிடிக்குது." அண்ணன் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார், அது நிற்காமல் சுற்றும். இருந்தாலும் நாலு சொட்டு எண்ணெய் விடுவார். அவர்களும் "இன்னைக்கு இது போதும்" என்று வந்த வழியே திரும்புவார்கள். திரும்பியதும் சைக்கிள் பறக்கும்! "அண்ணே, என்ன கை அண்ணே உங்க கை!" என்று கத்திக்கொண்டே போவார்கள். அண்ணன் என்ன செய்வார்? கையைப் பார்த்துக்கொள்வார். அவருக்கே அது சந்தேகமாகத்தான் இருந்திருக்கிறது.

பிரேக்கின் மேல் பழி போட்டவர்கள் பிழைத்தார்கள். பின்னால் உட்கார்ந்த மனைவியின் மேல் பழி போட்டவரும் உண்டு. "நீ கொஞ்சம் குறைச்சுச் சாப்பிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டு, வீடு வரை அவர் தனியாகச் சைக்கிள் ஓட்டினார். அம்மா, நீங்கள் சிரிக்கிறீர்கள். அது நீங்கள்தானா? மன்னிக்கவேண்டும்.

ஆனால், அவையோரே, தன் மேலேயே பழி போட்டுக்கொண்டவர் ஒருவர் இருந்தார். பாதை திறந்த நாளில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். நெஞ்சில் அறுவை சிகிச்சை. தழும்பு ஆறியது, தெம்பு வந்தது, "இனிமே தாராளமா சைக்கிள் ஓட்டலாம்மா" என்று டாக்டரும் சொன்னார். நானும் அவருமாகக் கிளம்பினோம். தான் வெட்டிய புதர், தான் கேட்டு வாங்கிய பாலம்! அதில் முதல் தடவையாகச் சைக்கிளில் போகிறார். பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறங்கினார். ஒரு கல்லில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"முடியலடா" என்றார்.

"கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போலாம்க்கா. டாக்டர்தான் சொல்லிட்டாரே."

"டாக்டரா மிதிக்கிறாரு? நான்தானே மிதிக்கிறேன். சமதரையில இந்தக் கதின்னா, இனி என் உடம்பு இவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தார். சைக்கிளைச் சாமான் அறையில் நிறுத்தினார். பழைய போர்வை ஒன்றை அதன் மேல் போர்த்தினார். அந்தக் கதவைச் சாத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம்தான் இந்தத் தீர்மானம் வந்தது. "என்னை மாதிரி முடியாதவங்களும் கடைசி வரைக்கும் பாக்கணும்ல? வேன் விட்டா என்ன தப்பு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையா? இருக்கிறது! அதனால்தான் அந்த இடத்தை மறுபடி பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பையில் நாலு ஆரஞ்சைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனேன்.

அக்கா உட்கார்ந்த அதே கல்லில் உட்கார்ந்தேன். எதிரே குகை. என் கண்ணுக்குப் பாதை குகையை நோக்கி லேசாக இறங்குவதுபோலவே தெரிந்தது. இறங்குகிற பாதையில் ஏன் மூச்சு வாங்குகிறது? யோசித்துக்கொண்டே பழத்தை உரிக்கப்போனேன், கை தவறிக் கீழே விழுந்தது. குகைப் பக்கம் உருளும் என்று கையை நீட்டினேன். அதுவோ எனக்குப் பின்னால், ஊர்ப் பக்கம் உருண்டது! ஓடிப் பிடித்து மறுபடி வைத்தேன். மறுபடியும் ஊர்ப் பக்கமே உருண்டது. பத்தடி முன்னே வைத்தேன், பத்தடி பின்னே வைத்தேன், பாதையின் நடுவில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அதற்கு வீட்டு ஞாபகம்தான்! எதிரே வந்த புதுமணத் தம்பதியர், காட்டில் ஆரஞ்சைத் துரத்தும் என்னைக் கண்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள்.

பிறகு சைக்கிளில் ஏறி, மிதிக்காமல் கால்களைத் தூக்கிக்கொண்டேன். அதுவும் ஊரை நோக்கித்தான் நகர்ந்தது. சரிவில் செடிகொடிகளைப் பிடித்துப் பிடித்து ஆற்றுக்கே இறங்கினேன். தண்ணீர் குகைப் பக்கமிருந்து ஊர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியாது? ஆற்றை எதிர்த்துப் போனால் ஏறித்தான் போகவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? ஒருவருக்கும் தோன்றவில்லை! மரங்கள் ஆற்றை மறைத்தன. பாதையோரப் பாறையின் கோடுகள் குகைப் பக்கம் பாதையைவிட அதிகமாக ஏறுகின்றன. அந்தக் கோட்டையே சமமட்டம் என்று நம்பிய கண், ஏற்றத்தை இறக்கம் என்று எடுத்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் நானே ஏமாந்தேன்!

அளவெடுத்த பொறியாளருக்குத் தெரியாதா என்கிறீர்களா? போய்க் கேட்டேன். "ரயில் ஏறுற ஏத்தம் சார், அதெல்லாம் ஒரு ஏத்தமா?" என்றார். ரயிலுக்கு எஞ்சின் இருக்கிறது. என் அக்காவுக்கு இரண்டு கால்தானே இருக்கிறது?

இதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். சொன்னேன் ஐயா! "என்னைச் சமாதானப்படுத்தக் கதை கட்டாதடா" என்றார். பழத்தைக் காட்டினேன், "உரிச்சுக் குடு" என்றார். வேறு வழியில்லாமல்தான் உங்கள் முன் வந்து நிற்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். தலைவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம். அவையோரே, உங்களைக் கேட்கிறேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பாலத்தை நெருங்கும்போதே பிரேக் பிடிப்பதுபோல் இருந்தது யாருக்கு? கால் கனத்தது யாருக்கு? வயசாகிவிட்டதோ, வியாதி வந்துவிட்டதோ என்று மனத்துக்குள் பயந்து, வெளியே சொல்லாமல் திரும்பி வந்தவர் யார்? கையைத் தூக்குங்கள்!

தூக்குங்கள், வெட்கம் வேண்டாம். வேன் நண்பரே, நீங்களுமா? ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கிய தம்பி, நீயுமா? தாய்மார்கள் அத்தனை பேருமா?

தலைவர் அவர்களே! கடிகாரத்தைப் பார்த்தது போதும், இந்தக் கைகளைப் பாருங்கள்! இத்தனை பேருக்குமா நெஞ்சு பழுது? இத்தனை பேருக்குமா காலம் முடிந்தது? அன்று நீங்கள் சமதரையில் தோற்கவில்லை, அக்கா. தைத்த நெஞ்சோடு ஒரு மலையில் பாதி ஏறியிருந்தீர்கள்! ஏறுகிறோம் என்று தெரியாமலே ஏறியிருந்தீர்கள்! அது தெரிந்தபோது, கையில் ஆரஞ்சோடு அந்தக் காட்டில் நின்று நான் அழுதேன்.

முடியாதவர்களுக்கும் ஒரு வழி வேண்டும்தான். வேன் நண்பர்களே, உங்களுக்கும் அதில் வேலை இருக்கிறது. மலைமேல் போகும் தார்ச்சாலை வழியே ஆளையும் சைக்கிளையும் பழைய ரயில் நிலையம் இருக்கும் மேல்முனையில் இறக்கிவிடுங்கள். அங்கிருந்து ஆறே அவர்களை ஊருக்கு அழைத்து வரும். பாதையின் வாசலில் பெரிதாக ஒரு பலகை வையுங்கள்: "இது ஏற்றம். மூச்சு வாங்கும். பயப்படாதீர்கள்." காட்டுக்குள் மட்டும் ஹாரன் வேண்டாம்.

என்ன? தலைவர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுக்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நானே சொல்கிறேன். "ஓட்டெடுப்பு அடுத்த கூட்டத்துல. முதல்ல நான் மேல வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன். டேய், பேசினது போதும். வீட்டுக்குப் போய் அந்தப் போர்வையை எடுத்துட்டு, என் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வை."

தலைவர் கட்டளையிட்டுவிட்டார், தம்பி கிளம்புகிறேன். பொறுமையாகக் கேட்ட மூத்தோருக்கும், கை தூக்கிய தாய்மாருக்கும், முதல் தடவையாக என்னை முழுதாகப் பேசவிட்ட என் அக்காவுக்கும் நன்றி. மேல்முனைத் தேநீர்க் கடையில் சந்திப்போம். வணக்கம்!