சபினை அழவிடாதீங்க

– கட்டிலுக்கு அடியில என்ன ஜாடி, ஒதிலியா?

– எந்த ஜாடி, வெத்தூரியா சிஸ்டர்?

– இந்தா பாரு, முப்பது வருஷமா இதே வார்டுல நர்ஸா இருக்கேன். துண்டைப் போட்டு மூடிட்டா உப்புத்தண்ணியில ஊறின வெள்ளரிக்காய் வாசனை அடிக்காதுன்னு நெனச்சியா?

– பையன் கேட்டான், சிஸ்டர். அவங்கப்பா நேத்து எங்க ஊர்ப்பக்கம், மரமூரேஷ்லேர்ந்து பஸ் ஏறி வந்து குடுத்துட்டு, அடுத்த பஸ்ல திரும்பிப் போனார்.

– நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணி இன்னியோட ஏழு நாள்தான் ஆகுது. உப்பு சேர்ந்தா உடம்புல தண்ணி தங்கும். அத்தனையும் அந்தச் சின்ன இதயம்தான் இழுத்தாகணும். டாக்டர் சொன்னாரா இல்லியா?

– சொன்னார்.

– அப்புறம்?

– கேட்டானே, சிஸ்டர்.

– அம்மா, வெள்ளரிக்காய் குடு. இப்பவே.

– இதோ கண்ணு, இதோ...

– மூடியில கை வச்சே, ஜாடி ஜன்னல் வழியாப் பறக்கும். கிடையாதுன்னு சொல்லு அவன்கிட்ட.

– என்ன சொல்லணும்?

– கிடையாதுன்னு.

– மாதாவே. அஞ்சு வருஷமா எங்க வீட்ல யாரும் அந்த வார்த்தைய வாயில எடுத்ததில்ல, சிஸ்டர். அழுதா நீலமாயிடுவான். உதடு, நகம் எல்லாம் எங்க தோட்டத்து பிளம் பழம் மாதிரி ஆயிடும். மூச்சு முட்டி, கண்ணு சொருகிடும். அவன் முழங்காலை மடக்கி அவன் நெஞ்சோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ரெண்டு தடவை, அவ்வளவுதான், போயிட்டான்னே நெனச்சுட்டேன். மூணு தடவை ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தீங்க. மூணு தடவையும் சளி பிடிச்சிருக்குன்னு திருப்பி அனுப்பினீங்க. அதுவரைக்கும் அவனை அழவிடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?

– சொன்னோம். அது அப்ப.

– ஊரே அதைக் கேட்டு நடந்துச்சு. புத்தாண்டுக்கு ஆட்டு வேஷம் கட்டி வீடு வீடா ஆட வர்றவங்க, எங்க வாசலுக்கு வந்தா முகமூடியைக் கழட்டிட்டு, மணி அடிக்காம, பூனை மாதிரி ஆடிட்டுப் போவாங்க. ஈஸ்டருக்கு அவிச்ச முட்டையை ஒண்ணோட ஒண்ணு மோதி, எது உடையலியோ அது ஜெயிச்சதுன்னு விளையாடுவோம், அதுல பாதிரியார் முட்டைகூட இவன்கிட்ட உடைஞ்சாகணும்.

– என் முட்டை உடையவே உடையாது. நான்தான் எப்பவும் ஜெயிப்பேன்.

– அப்படியாடா? அது என்ன அதிசயக் கோழி?

– மெதுவாப் பேசுங்க சிஸ்டர். அது மரமுட்டை. அவன் ஞானத்தகப்பன் செதுக்கி, சிவப்பு சாயம் பூசிக் குடுத்தார்.

– அட பாவிங்களா. பாதிரியாருக்குத் தெரியுமா?

– சாயம் வாங்கிக் குடுத்ததே அவர்தான்.

– நல்ல ஊரு போ. இந்தா பாரு பொண்ணே. இதயத்துல இருந்த ஓட்டையை அடைச்சாச்சு. ரத்தம் போற குறுகலான வழியை அகலப்படுத்தியாச்சு. இனிமே இவன் அழலாம். அழுதா நல்லதுகூட. நுரையீரல் விரியணும்னுதானே எல்லாப் பசங்களுக்கும் பலூன் குடுத்து ஊதச் சொல்றோம்? உன் மகன் தன் பலூனை உன்கிட்ட குடுக்கறான். நீயும் ஊதறே.

– பாத்துட்டீங்களா?

– நேத்து மட்டும் மூணு. உன் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்ல.

– கேலி பண்ணாதீங்க சிஸ்டர். டாக்டர் சொல்றது புத்திக்குப் புரியுது, வயித்துக்குப் புரியல. இவன் வாயைக் கோணினாலே, முழங்காலை மடக்கிப் பிடிக்க ஓடறேன். மறுபடியும் அந்த நீலம் வந்துட்டா?

– நாளன்னிக்கு வீட்டுக்குப் போறே. அங்க நான் இருக்க மாட்டேன். இங்க நான் நிக்கறேன், அடுத்த ரூம்ல டாக்டர் இருக்கார். இப்பவே ஒரு தடவை சொல்லிப் பாத்துடு. அவன் விரல்ல மாட்டியிருக்கற கருவியில ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு காட்டுது?

– தொண்ணூத்தேழு.

– ஆபரேஷனுக்கு முன்னாடி?

– எழுபத்திரெண்டு. அதுவும் நல்ல நாள்ல.

– அம்மா, எத்தனை தடவை கேக்கறது? வெள்ளரிக்காய்.

– சபின்...

– சொல்லு, ஒதிலியா.

– சபின், கண்ணு... கிடையாது.

– என்னது?

– வெள்ளரிக்காய் கிடையாது. ஆறு வாரத்துக்குக் கிடையாது.

– நிஜமாவா?

– நிஜமா.

– டேய், கரடி பொம்மையை நெஞ்சோட சேத்து அணைச்சுக்கோ, தையல் வலிக்காது. ம், இப்ப ஆரம்பி.

– ஆஆ... அப்பாகிட்ட சொல்றேன் இரு... வெள்ளரிக்காய் வேணும்... ஆஆஆஆ!

– சிஸ்டர், கையை விடுங்க.

– உக்காரு.

– விடுங்க சிஸ்டர், தூக்கிக்கறேன்.

– உக்காருன்னேன். கண்ணைப் பாக்காதே, உதட்டைப் பாரு. என்ன நிறம்?

– சிவப்பு.

– நகம்?

– நகமும் ரோஸ் கலர்லதான்... மாதாவே. இவ்வளவு சத்தம் இவன்கிட்ட எங்க இருந்துச்சு, சிஸ்டர்?

– மரமூரேஷ் வரைக்கும் கேட்டிருக்கும். இப்ப நீ எதுக்கு அழறே?

– தெரியல. சந்தோஷமா இருக்கு. இருங்க, நிறுத்திட்டான். ஏன் நிறுத்திட்டான்? சபின், என்னடா செய்யுது? சொல்லுடா.

– அம்மா.

– என்ன கண்ணு?

– இருட்டிக்கிட்டு வரவே இல்லம்மா.

– என்ன சொல்றான் ஒதிலியா, உனக்குப் புரியுதா?

– அழுதா எப்பவும் எல்லாம் இருட்டாயிடும், நர்ஸம்மா. அம்மா காணாமப் போயிடுவாங்க. இப்ப அம்மா மூஞ்சி தெரிஞ்சுக்கிட்டே இருக்கு.

– கண்ணு...

– அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் அழட்டுமா?