சுக்கானி தாழிட்ட கதவு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கப்பலெல்லாம் பாய் விரித்து ஓடின காலத்தில், சீமையில் ஒரு துறைமுக ஊர் இருந்ததாம். அந்த ஊரில் கடலைப் பார்த்து இறங்குகிற ஒரு சந்து. இடுப்பில் கைவைத்து நின்றால் இரண்டு முழங்கையும் சுவரில் இடிக்கும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி ஒதுங்க வேண்டும். வெயில் அதற்குள் இறங்கினதே இல்லையாம். கடல் மூடுபனிதான் இறங்குமாம்.

சந்து முழுக்க மீன்பிடிக்கிற சனங்கள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால், அந்த வீட்டுக் கதவைச் சாத்துவார்கள், தாழ் போட மாட்டார்கள். தாழ் விழுந்தால், அவன் செத்துப்போனான் என்று வீட்டார் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இன்னொன்றும் சொல்வார்களாம். உயிரோடு வருகிறவன் கதவைத் தள்ளிக்கொண்டு வருவான். தட்டுகிறது கடல் கொண்டுபோனது. தட்டினால் திறக்கக் கூடாது.

அந்தச் சந்துக்குத்தான் நம்ம கீழக்கரை உதுமான் நெய்னா போய்ச் சேர்ந்தார். கப்பலில் சுக்கான் பிடிக்கிறவர், சுக்கானி. பாய்மரம் முறிந்து கப்பல் மராமத்துக்கு நின்றது. குளிர்காலம் கழிகிற வரைக்கும் எஸ்தர் என்கிற பெண்ணின் வீட்டு மச்சில் தங்கினார். எஸ்தருடைய புருஷன் சைலஸ் மீனுக்குப் போனவன். அவன் படகின் பலகை கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. அவள் கதவுக்குத் தாழ் போடவில்லை. சந்தின் வழக்கத்தை யாரும் சுக்கானிக்குச் சொல்லவுமில்லை. எஸ்தரை அவர் 'ராத்தா' என்று கூப்பிடுவாராம், கூடப்பிறந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி.

எதிர்வீட்டுக் கிழவி மார்த்தா அவரைச் சும்மா விட மாட்டாள். "ஏ சுக்கானி, உன் ஊரில் வெயில் கொட்டிக் கிடக்குதாமே, ஒரு மூட்டை கட்டிக்கிட்டு வரக் கூடாதா?"

"கொண்டுதான் வந்தேன் மாமி. உங்க ஊரு சுங்கத்துல பிடுங்கிக்கிட்டாங்க."

ஒருநாள் எஸ்தருக்குக் காய்ச்சல். மார்த்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்தது. மஃரிபுத் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய உதுமான் நெய்னா கீழே இறங்கினார். பார்த்தால் கதவுக்குத் தாழ் இல்லை. அந்தி நேரத்தில் ஷைத்தான் நடமாடும், வாசலை அடைக்கணும் என்பது நம்ம வழக்கம் இல்லையா? பிஸ்மி சொன்னார், தாழைப் போட்டார். வீட்டுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு மச்சுக்குத் தொழப் போய்விட்டார்.

தொழுது முடித்து, ஸலாம் கொடுத்து எழுந்திருக்கிறார், கதவு தட்டுகிற சத்தம். பலமாக இல்லை. ஈரத்துணி காற்றில் அடிக்கிற மாதிரி.

எஸ்தர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். மார்த்தா அவள் வாயைப் பொத்தினாள்.

"பேசாதேடி. உன் கதவுதான் திறந்தே கிடக்குதே. உயிருள்ளவன் எதுக்குத் தட்டுறான்?"

மறுபடியும் தட்டுச் சத்தம். மச்சுப்படியில் இறங்கி வந்த சுக்கானி காதில் மார்த்தா சொன்னது விழுந்தது.

"மாமி, கதவு திறந்து கிடக்கலை. நான் தாழ் போட்டுட்டேன்."

எஸ்தர் அலறினாள். "போட்டுட்டியா நெய்னா? அவர் வந்து பார்த்தா என்ன நினைப்பார்!"

சுக்கானி கதவுப் பக்கம் பாய்ந்தார். மார்த்தா குறுக்கே விழுந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "திறக்காதே! என் தங்கச்சி திறந்தாள். திறந்தவளை நாங்க பார்க்கவே இல்லை!"

வெளியே தட்டுவது நின்றுவிட்டது. இங்கிலீசு பேசத் தெரிந்த மனிதர்தான், அந்த நேரத்தில் நாக்கில் ஒன்றும் வரவில்லை. "வாரேன்!" என்று தமிழில் கத்தினார். "வாரேன், வாரேன்!" சட்டை கிழிந்து அவள் கையோடு நின்றது. தாழை நீக்கினார்.

வாசலில் யாரும் இல்லை. படி மட்டும் நனைந்திருந்தது. ஈரக் காலடி கடலைப் பார்த்து இறங்கியிருந்தது.

வெறுங்காலோடு ஓடினார். மூடுபனியில் தன் கையே தெரியவில்லை. "வாரேன்!" என்று கத்தினால் இரண்டு சுவரும் "வாரேன்" என்றன. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லையாம். சந்து முடிகிற இடத்தில் முழங்காலளவு தண்ணீரில் ஓர் உருவம் நின்றது. கையைப் பிடித்தார். மீனைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. விட்டுவிடலாமா என்று நினைத்தாராம். விடவில்லை. மூக்கடியில் விரலை வைத்தார். மூச்சு சுட்டது.

அவன்தான் சைலஸ். வேற்று நாட்டுப் படகு ஒன்று காப்பாற்றி, எங்கோ தள்ளி இறக்கிவிட்டிருக்கிறது. குளிரில் தொண்டை கட்டிப்போய் நடந்தே வந்திருக்கிறான். குரல் திரும்பின பிறகு எஸ்தரிடம் சொன்னானாம்: "தாழ் விழுந்திருந்தது. நீ என்னைத் தலைமுழுகிட்டேன்னு நினைச்சேன். இனி எந்த வீட்டுக்குப் போக, வந்த இடத்துக்கே போவோம்னு இறங்கிட்டேன். யாரோ புரியாத பாஷையில் கத்தினாங்க. வருகிறவன் குரல்னு மட்டும் தெரிஞ்சுது. நின்னேன்."

குளிர் விட்டதும் கப்பல் புறப்பட்டது. வழியில் சீக்காகி இறங்கின பண்டாரி பக்கீர் ஒருவர்தான், கப்பலில் சமையல் பார்த்தவர், வேறு கப்பல் பிடித்துக் கீழக்கரை வந்தார். இதையெல்லாம் சுக்கானியின் பெண்சாதி செய்தூனிடம் சொன்னவர் அவர்தான். சுக்கானியும் வரவில்லை, கப்பலும் வரவில்லை. பலகைகூட வரவில்லை.

மூடுபனி இறங்குகிற அந்திகளில் அந்தச் சந்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டுச் சத்தம் கேட்குமாம். இப்போது அங்கே யாரும் பயந்து வாயைப் பொத்துவதில்லை. அர்த்தம் தெரியாமலே "வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத் திறப்பார்களாம். யாரும் இருக்க மாட்டார்கள். படி நனைந்திருக்குமாம். பின்னாளில் அங்கே போய் வந்த கப்பல்காரர்கள் சொன்னது இது.

இங்கே கீழக்கரையில், பக்கீர் சொன்னதைக் கேட்ட அன்றைக்கு செய்தூன் எடுத்துவிட்ட தாழ்தான், திரும்பப் போடவே இல்லை. மஃரிபுக்கு ஊரெல்லாம் வாசலை அடைத்துத் தாழ் போடும். செய்தூன் வழி வந்த நம்ம வீட்டில் சாத்துவதோடு சரி. தட்டுகிற சத்தம் கேட்டால், யாரென்று கேட்பதும் இல்லை. "வாரேன்" என்றுதான் சொல்வது.